பெயர் வெளியே தெரிந்தால்

நிரல் எழுதும் தொழிலில் மிகக் கடினமான காரியம் பெயர் வைப்பதுதான் என்று எங்களுக்குள் பாதி வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேல் சி மொழியோடு மாரடித்த பிறகு எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பெயர் வைப்பதைக் காட்டிலும் கடினம், வைத்த பெயர் யார் யார் காதில் விழலாம் என்று தீர்மானிப்பது. முன்னதில் பிசகினால் வாசிப்பவருக்கு எரிச்சல், அவ்வளவே. பின்னதில் பிசகினால் நம் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத எவரோ ஒருவருக்கு நஷ்டம்.

இலக்கியம் பேசும் இடத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லியாக வேண்டும். கணிப்பொறிப் பழக்கம் இல்லாத வாசகர்கள் பொறுமை காக்க வேண்டுகிறேன். இது கணக்கு அல்ல, பெயர்களைப் பற்றிய பேச்சுதான்.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. அதில் ஒரு நிரல் என்பது பல கோப்புகளின் தொகுதி. ஒவ்வொரு கோப்பிலும் சிறு சிறு வேலைகளைச் செய்யும் ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கம்பைலர் கோப்புகளைத் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றித் தர, லிங்க்கர் அவற்றைக் கோத்து முழுமையாக்கும். பல நிரல்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் ஃபங்ஷன்களைத் திரட்டித் தனியே ஒரு கோப்பாக வைத்தால் அது ஷேர்டு லைப்ரரி. இனி அதை நூலகம் என்றே சொல்கிறேன். நிரல் ஓடத் தொடங்கும் கணத்தில் லோடர் என்ற ஏற்பாடு வந்து, ‘இந்தப் பெயருள்ள ஃபங்ஷன் எங்கே இருக்கிறது?’ என்று தேடி, நிரலையும் நூலகத்தையும் பிணைத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பிணைப்பு பெயரை மட்டும் பார்த்து நடப்பது. அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது, எத்தனை விவரங்களை எதிர்பார்க்கிறது, யார் எழுதியது என்பதெல்லாம் லோடருக்குத் தெரியாது. பெயர் பொருந்தினால் போதும். ஊரில் இரண்டு முருகேசன்கள் இருந்தால் தபால்காரர் முதலில் எதிர்ப்பட்டவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவது போல.

சி மொழியின் இலக்கணத்தில் ஒரு ஃபங்ஷனின் பெயருக்கு இரண்டே நிலைகள்தாம். ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் அந்தப் பெயர் அந்த ஒரு கோப்புக்குள் மட்டும் செல்லும். சேர்க்காவிட்டால் உலகத்துக்கே தெரியும். நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் வாழ்க்கை பெரும்பாலும் நடுவில்தானே இருக்கிறது? நூலகம் என்பது நாற்பது கோப்புகளால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கோப்பில் இருக்கும் ஃபங்ஷனைப் பதினேழாம் கோப்பு அழைக்க வேண்டும். ஆகவே ‘ஸ்டாட்டிக்’ என்று அடைக்க முடியாது. அடைக்காமல் விட்டால், நூலகத்துக்குள் அண்டை அயலாருக்காகத் திறந்த கதவு தெருவுக்கும் திறந்துவிடுகிறது. ‘இந்த நூலகத்துக்குள் மட்டும்’ என்று சொல்ல அம்மொழியில் சொல்லே இல்லை.

இந்த இடைவெளியை ஒவ்வொரு இயங்குதளமும் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது. விண்டோஸில் நூலகம் எழுதுகிறவர் எந்தப் பெயரை வெளியே தர வேண்டும் என்று குறிப்பிட்டால் மட்டுமே அது வெளியே வரும். குறிப்பிடாதவை உள்ளேயே தங்கும். யூனிக்ஸ் மரபிலும் அதன் வழிவந்த லினக்ஸிலும் நேர் எதிர். ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் வெளியே.

லினக்ஸ்காரர்களின் அசட்டையால் வந்த விதி அல்ல இது. ஷேர்டு லைப்ரரிகள் வருவதற்கு முன்பு நூலகங்களை நிரலோடு ஒட்டவைத்தே அனுப்புவார்கள். அப்போது நிரலாளர் தானே ஒரு ஃபங்ஷனை எழுதி, நூலகத்தில் இருக்கும் ஒன்றின் பெயரை அதற்கு வைத்தால், நூலகத்தினுடையது ஒதுங்கி இவருடையதற்கு இடம்விடும். 1980களின் பிற்பகுதியில் சன் நிறுவனத்தின் யூனிக்ஸில் பகிரப்படும் நூலகங்கள் வந்தபோது அந்தப் பழைய சுதந்திரம் கெடக்கூடாது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதன் நன்மைகளை இன்றும் அனுபவிக்கிறோம். நினைவக ஒதுக்கீடு செய்யும் ‘மாலக்’ ஃபங்ஷனுக்குப் பதிலாக வேறொன்றை, மூல நிரலைத் தொடாமலே, புகுத்தலாம். டெபியனில் உள்ள ‘ஃபேக்ரூட்’ என்னும் கருவி, நிர்வாகியின் அதிகாரம் இல்லாத ஒருவரின் நிரலை அதிகாரம் இருப்பதாக நம்பவைத்துக் காரியம் சாதிப்பது இந்த வழியில்தான். திறந்த கதவுக்கும் நியாயம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நிற்க. திறந்த கதவு என்ன செய்யும் என்பதை நான் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில்தான் முழுதாக உணர்ந்தேன்.

நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் வருகைப்பதிவுக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. விரல் ரேகையைப் படிக்கும் பகுதி மட்டும் வேறொரு நிறுவனத்தின் நூலகம். அதன் மூல நிரல் எங்களுக்குக் கிடையாது. தொகுத்த கோப்பும், அழைக்க வேண்டிய ஏழெட்டு ஃபங்ஷன்களைச் சொல்லும் ஒரு சிறு கையேடும் மட்டும் தந்திருந்தார்கள். எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு அந்த ஆலையில் ஏறிய மறுநாள், நைட் ஷிப்டுக்கு வந்த பெண்களில் பலருடைய விரலைக் கருவி ஏற்கவில்லை. ரேகை பதிவாகாதவருக்கு அன்று ஆப்சென்ட். ஆப்சென்ட் என்றால் கூலி இல்லை.

விசித்திரம் என்னவென்றால், அந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கருவி தடங்கலின்றி ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறவர்களைத்தான் தள்ளியது. மறுபடி விரலைப் பதிந்துகொண்டால் அவர்களையும் ஏற்றது. டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு விளக்கம் உடனே கிடைத்துவிட்டது. “நூலைப் பிடிச்சுப் பிடிச்சு ரேகை தேஞ்சுபோச்சு சார். புதுசா வந்த பிள்ளைங்களுக்கு ஒரு கோளாறும் இல்லையே, பாருங்க” என்றார். கேட்பதற்கு எத்தனை பொருத்தமாக இருந்தது! உழைத்தவரின் கையையே குற்றம் சாட்டும் அந்த விளக்கத்தை அந்தப் பெண்களில் சிலரும் நம்பிவிட்டார்கள். தங்கள் விரல் நுனிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாள் கூலி வருகைக் கணக்கில் விடுபட்டிருந்தது.

கோளாறு என்ன என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். ஒரு நூலகத்தின் வெளியே தெரியும் பெயர்களையெல்லாம் பட்டியலிட லினக்ஸில் ‘என்எம்’ என்றொரு சிறு கருவி உண்டு. கையேட்டில் ஏழெட்டுப் பெயர்கள் சொன்ன அந்த நூலகத்தை அதில் கொடுத்தால் பெயர்கள் திரை திரையாக ஓடின. நூலகத்தின் குடல் முழுவதும் வெளியே கிடந்தது. அவற்றில் ஒன்று ‘செக்சம்’. சேமித்த தரவு சிதையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் கூட்டு எண்ணைக் கணக்கிடுவது. உலகத்தில் பாதி நிரலாளர்கள் அந்த வேலைக்கு அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள். எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பிலும், தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் தினசரிக் கணக்கைச் சரிபார்க்க, ‘செக்சம்’ என்ற ஃபங்ஷன் சேர்ந்திருந்தது. இரண்டும் எதிர்பார்க்கும் விவரங்கள் ஒன்றே. கணக்கிடும் முறை மட்டும் வேறு.

லோடர் ஒரு பெயரைத் தேடும்போது முதலில் பார்ப்பது முதன்மை நிரலை, பிறகுதான் நூலகங்களை. ஆகவே அந்த நூலகம் தன் சொந்த ‘செக்சம்’மை அழைத்தபோது வந்து நின்றது எங்களுடையது. சேமித்துவைத்த ரேகையோடு இருந்த பழைய எண் புதிய கணக்கோடு பொருந்தவில்லை. ‘இந்தப் பதிவு சிதைந்துவிட்டது’ என்று முடிவு செய்து நூலகம் ஓசையில்லாமல் அதை ஒதுக்கியது. புதிதாகப் பதிந்தவர்களுக்கோ எண்ணைப் போட்டதும் எங்கள் ஃபங்ஷன், சரிபார்த்ததும் எங்கள் ஃபங்ஷன், ஆகவே பொருந்தியது. யார் கையும் தேயவில்லை. பெயர் ஒன்று இடம் மாறி நின்றது, அவ்வளவுதான்.

ஒரே நிரலின் இரண்டு கோப்புகளில் ஒரே பெயர் இருந்திருந்தால் லிங்க்கர் பிழை என்று கூவி நிறுத்தியிருக்கும். ஒன்று நிரலிலும் மற்றொன்று ஷேர்டு லைப்ரரியிலும் இருந்தால் அது வாய் திறப்பதில்லை. நான் முன்னே சொன்ன அந்தப் பழைய சுதந்திரத்தை அனுபவிக்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறது. எங்கள் ஃபங்ஷனின் பெயரை மாற்றியதும் பழைய பெண்களின் ரேகைகள் உயிர்பெற்றன. இடைப்பட்ட நாட்களில் பதிந்தவர்கள் மட்டும் இன்னொரு முறை விரலை வைக்க வேண்டியிருந்தது. விடுபட்ட நாட்களை ஷிப்ட் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சேர்த்தார்கள்.

இதற்கு மருந்து அப்போதே இருந்தது. குனு சி நூலகத்தைப் பேணிவந்த உல்ரிக் டிரெப்பர், ஷேர்டு லைப்ரரிகளை எப்படி எழுத வேண்டும் என்று 2000களின் தொடக்கத்திலிருந்து திருத்தித் திருத்தி வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இதை வற்புறுத்தியிருக்கிறார். 2005 ஏப்ரலில் வெளிவந்த ஜிசிசி 4.0 கம்பைலரில், ‘ஒன்றும் சொல்லாத பெயர்களையெல்லாம் மறைவானவை என்று கொள்’ என ஒரே ஒரு கட்டளையில் சொல்லிவிடும் வசதி வந்தது. அதன் பிறகு வெளியே தர வேண்டிய ஏழெட்டுப் பெயர்களுக்கு மட்டும் ‘இது பொதுவானது’ என்று குறி போட்டால் போதும். இன்னொரு வழி, லிங்க்கரிடம் ஒரு சிறு பட்டியலைக் கொடுப்பது: இந்தப் பெயர்கள் உலகுக்கு, மற்ற அனைத்தும் உள்ளூருக்கு. சி மொழியில் இல்லாத அந்த நடுநிலை, மொழிக்கு வெளியே, கருவிகளின் வழியாக இப்படி வந்து சேர்ந்தது. ஆனால் ஜிசிசி இன்றும் தானாக மறைப்பதில்லை. கேட்டால்தான் மறைக்கும்.

மறைப்பதால் வேகமும் கூடும். எந்தப் பெயரையும் வெளியிலிருந்து எவரும் மாற்றிவிடலாம் என்ற நிலையில் கம்பைலர் குறுக்குவழி எதையும் எடுக்கத் துணியாது. ஒவ்வொரு அழைப்பையும் சுற்றி வளைத்தே அனுப்பும். 2021ல் வெளிவந்த பைத்தான் 3.10ல், தன் உள்பெயர்களை வெளியிலிருந்து யாரும் மாற்ற மாட்டார்கள் என்று கம்பைலருக்கு உறுதி சொல்லித் தொகுத்தார்கள். ஷேர்டு லைப்ரரியாகத் தொகுத்த பைத்தானின் வேகம் 30 சதவீதம் வரை கூடியது. வேறெதையும் மாற்றாமல், ஒரு வாக்குறுதியால் மட்டும் கிடைத்த வேகம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த மறைப்பு பூட்டு அல்ல. மறைந்த ஃபங்ஷனும் அதே கோப்பில்தான் இருக்கிறது. திறமையுள்ளவர் பிரித்துப் படித்துவிடலாம். மறைவது பெயர் மட்டும். ரகசியம் காப்பதற்காக அல்ல, பின்னால் மாற்றிக்கொள்ளும் உரிமைக்காக மறைக்கிறோம். ஒரு நிரலின் பகுதிகள் ஒன்றிடமிருந்து ஒன்று எதை மறைக்க வேண்டும் என்பதைக் கொண்டே பகுதிகளைப் பிரிக்க வேண்டும் என்று டேவிட் பார்னஸ் 1972லேயே எழுதினார். எது மாறக்கூடுமோ அதை உள்ளே வை என்பது அதன் சாரம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எல்லாப் பெயரையும் மறைத்துவிடுங்கள் என்று உபதேசம் செய்துவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. எங்கள் புகாரைக் கேட்ட அந்த நிறுவனம் அடுத்த பதிப்பில் கையேட்டில் உள்ளவை தவிர்த்து எல்லாப் பெயர்களையும் மறைத்தது. நியாயமான காரியம். சில வாரங்களில் அவர்களுடைய வேறொரு வாடிக்கையாளரின் மென்பொருள், ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்று சொல்லி நின்றுபோனது. பதிந்த ரேகை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மதிப்பெண் போடும் ஓர் உள்ஃபங்ஷனை அவர்கள் பட்டியலில் கண்டுபிடித்துப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கையேட்டில் அது இல்லை. ஆனால் கண்ணில் பட்டது, வேலை செய்தது, தேவையாகவும் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

யார் பக்கம் நியாயம்? ‘நாங்கள் தருவதாகச் சொல்லவே இல்லையே’ என்பது நிறுவனத்தின் வாதம். ‘நீங்கள் மறைக்கவும் இல்லையே’ என்பது எதிர்வாதம். தொலைபேசியில் இதைச் சொன்ன அந்தப் பொறியாளர் கடைசியில் சலிப்போடு சொன்னார்: “சார், அந்த ஒரு பேரை மட்டும் திருப்பி வெளியே விட்டுட்டோம். இனிமே அதை மாத்தவும் முடியாது, எடுக்கவும் முடியாது.” யாரும் முடிவெடுக்காமலே அது வாக்குறுதியாகிவிட்டிருந்தது.

இது சிறிய நிறுவனங்களின் தலைவிதி மட்டுமல்ல. குனு சி நூலகத்தில் ‘மெம்காப்பி’ என்ற ஃபங்ஷன், நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொன்றுக்குப் படியெடுப்பது. இரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது சி மொழியின் விதி. 2010ல் வேகத்துக்காக அதன் உள்வேலையை மாற்றியபோது, ஃபெடோரா 14ல் அடோபி ஃபிளாஷின் ஒலி கரகரத்தது. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. நூலகத்தின் மேல் குற்றமில்லை. ஆயினும், மீறல் அதுவரை வேலை செய்ததால் அதை நம்பி ஓர் உலகம் இருந்தது. 2011ல் வந்த 2.14 பதிப்பில் அந்த ஒரே பெயருக்கு இரண்டு வயதுகளை வைத்தார்கள். பழைய நிரல்கள் கேட்டால் பழையபடி பொறுத்துப்போகும் ஃபங்ஷன். புதியவை கேட்டால் புதியது. வெளியே போன பெயரைத் திரும்பப் பெற அத்தனை பெரிய நூலகத்தாலும் முடியவில்லை.

இனி, இலக்கியத்துக்கு வருகிறேன். அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி என்று மட்டுமே. பெயர் வந்துவிட்டால் அது புறம். கல்லூரி நாட்களில் இதை ஒரு வறட்டு இலக்கணமாக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருள் இந்தத் தொழிலில்தான் விளங்கியது. பெயரில்லாதவரை எவரும் வெளியிலிருந்து அழைக்க முடியாது. வந்து கேள்வி கேட்கவும் முடியாது. ஆகவே அந்த உலகத்துக்குள் அவர்கள் ஊடலாம், தணியலாம், மனம் மாறலாம். பெயர் வந்த கணத்தில் அவர் ஓர் ஊருக்கும் குடிக்கும் வரலாற்றுக்கும் பொறுப்பாகிவிடுகிறார். நெடுநல்வாடையில் பாண்டியனின் பெயர்கூட இல்லை. படைக்கலத்தில் கட்டிய வேம்பு ஒன்று அவன் அடையாளப்பூவைக் காட்டிவிட்டது. பிரிவில் வாடும் தலைவியை அத்தனை நுட்பமாகப் பாடிய நக்கீரரின் பாட்டை, அந்த ஓர் அடையாளத்தைக் கொண்டே நச்சினார்க்கினியர் புறம் என்று கொண்டார். கசிந்த ஒரே குறி முழுப் பாட்டின் திணையை மாற்றிவிட்டது.

அகம் உயர்ந்தது, புறம் தாழ்ந்தது என்று தொல்காப்பியம் சொல்லவில்லை. நூலகத்துக்கும் அப்படியே. வெளியே தெரியும் பெயர் இல்லாவிட்டால் நூலகத்தால் எவருக்கும் பயனில்லை. அது புறத்தில் நிற்க வேண்டும். நின்ற பின் சொன்ன சொல் காக்க வேண்டும். உள்ளே இருப்பது உள்ளே இருக்கும் வரை மாறலாம். இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது எழுதுகிறவரின் வேலை. அவர் போடாவிட்டால் லினக்ஸ் தன் வழக்கப்படி எல்லாவற்றையும் புறத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு போடும் கோடு எவருடைய மென்பொருளையோ குறுக்கே வெட்டும்.

ஆகவே நூலகத்தின் முதல் நாளிலேயே கோட்டைப் போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மூன்று காரியங்களைச் சொல்வேன். முதலில் எல்லாவற்றையும் மறைத்துத் தொகுத்துவிடு. வெளியே தருகிற பெயர் எதுவானாலும் நூலகத்தின் பெயரை முன்னொட்டாகச் சேர். ‘செக்சம்’ என்று மொட்டையாக விடாதே. வெளிப்பெயர்களின் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்து, அதில் ஒரு வரி கூடினால்கூட இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று வை. ‘ஒரு பெயர்தானே சார்’ என்பார்கள். பத்து ஆண்டுகள் கழித்து இதற்கு யார் பதில் சொல்வது என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் சற்று யோசித்துவிட்டு அந்த வரியை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதவர்கள் அந்தப் பெயருக்கு நேரே, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று கையேட்டில் இரண்டு பத்தி எழுதிக்கொண்டு வருகிறார்கள்.